ஒட்டியிருக்கற கவுண்டி

இல்லீங்க தம்பி, நீங்க அந்தப் பெஞ்சுக்கு நகந்து உக்காந்ததுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. இந்த ஹால்வேயில சாதாரணமாப் பேசுனாலே அந்தக் கடைசி வரைக்கும் கேக்குது. உங்க ரூல் எனக்குத் தெரியுமுங்க. கோர்ட் இன்டர்பிரிட்டர் கட்சிக்காரங்களோட தனியாப் பேசக்கூடாது, யோசனை சொல்லக்கூடாது, உச்சுக்கூடக் கொட்டக்கூடாது. உங்க ஏஜென்சி அம்மா போன்ல எனக்கே படிச்சுக் காமிச்சுட்டாங்க. நீங்க பேசவே வேண்டாம். கேக்கறதுக்கு ரூல் ஒண்ணும் இல்லியே. காது பாட்டுக்கு இருக்கட்டும்.

பேட்ஜ்ல இளமாறன்னு போட்டிருக்குது. நல்ல பேரு. எந்த ஊருன்னு கேக்க மாட்டேன், அதுக்கும் ஒரு ரூல் வெச்சிருப்பாங்க. நான் நாகமணி. ஈரோடு, பெருந்துறைப் பக்கம். உங்க பேப்பர்ல ரெஸ்பாண்டென்ட்னு போட்டிருக்குமே, அது நான்தான். அதோ, வெண்டிங் மெஷின்கிட்ட நீலச் சட்டை போட்டுக்கிட்டு, எந்தப் பட்டனை அமுக்கறதுன்னு தெரியாம நிக்கறாரே, அவரு பெட்டிஷனர். மயில்சாமி. என்ற வீட்டுக்காரர். ஜட்ஜம்மா கையெழுத்துப் போடற வரைக்கும் வீட்டுக்காரர்தானுங்களே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இப்பக் கோர்ட் பேப்பர்ல எழுதி எழுதிப் பழகிருச்சு.

புள்ள உள்ள இருக்குது. ஓவியா. பதிமூணு வயசு. பன்னண்டு தாண்டுன புள்ளையா இருந்தா, யாரோட இருக்கணும்னு ஜட்ஜே தனியா ரூமுக்குள்ள கூப்பிட்டு வெச்சுக் கேப்பாங்களாம் இந்த டெக்சஸ்ல. ஜட்ஜம்மா நல்ல மாதிரியாத்தான் தெரியறாங்க. மேசை மேல சாக்லேட்டு வெச்சிருக்காங்க. புள்ள வெளிய வந்ததும் நம்மளக் கூப்பிடுவாங்க. நீங்க என் பக்கத்துல நின்னுக்கிட்டு நான் சொல்றத இங்கிலீஷ்ல சொல்லணும். அது வரைக்கும் சித்த நேரம் இப்புடி உக்காந்திருக்கறதுதான்.

காலையில எப்புடி வந்தோம்னா, மூணு பேரும் ஒரே கார்லதான். என்ற கார் சர்வீஸ்ல கெடக்குது. அவரு ஓட்டுனாரு, புள்ள பின்னால எங்கூட. மூணு பேரு இருந்ததால கார்பூல் லேன் கெடச்சுது, நேரத்துலயே வந்துட்டோம். டைவர்ஸுக்குக் கார்பூல் லேன்ல வந்த குடும்பத்த நீங்க வேற எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க. சிரிச்சிட்டீங்க பாருங்க. பரவால்ல, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

சண்டையான்னு பாக்கறீங்களா? அதெல்லாம் இல்லீங்க. அடிக்கல, குடிக்கல, ஊர் சுத்தல. நல்ல மனுசன். எனக்கும் அவருக்கும் பேச்சு நின்னு போச்சு, அவ்வளவுதான். டீ நின்னு ஆறிப் போற மாதிரி. எப்ப ஆறுச்சுன்னு கேட்டா ரெண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது. அது தெரிஞ்சு அஞ்சாறு வருசம் ஆச்சு. அப்பவே பிரிஞ்சிருக்கலாம். பிரியல. ஏன்னா க்யூவுல நின்னுக்கிட்டிருந்தோம்.

க்யூன்னா கிரீன் கார்டு க்யூ. உங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல. அவரு எச்1, வேலை பாக்க வந்தவங்களுக்குத் தர்ற விசா, நான் எச்4. எச்4-ன்னா என்ன, எச்1 வெச்சிருக்கறவரோட சம்சாரம், வேற தகுதி ஒண்ணும் வேண்டாம். அவருக்குக் கார்டு வந்தா எனக்கும் வரும். கார்டு வர்றதுக்குள்ள டைவர்ஸ் ஆனா எனக்கு ஒண்ணுமில்ல. அதனால எங்க தேதி வர்ற வரைக்கும் ஒரே வீட்டுல இருந்துக்கலாம்னு பேசி முடிவு பண்ணுனோம். நாங்க மட்டும்னு நெனைக்காதீங்க. எங்க காலனியிலயே இன்னும் ரெண்டு வீடு அப்புடி இருக்குது. பொங்கல் பார்ட்டிக்கு ஜோடியா வருவாங்க, வேற வேற மூலையில உக்காந்து சாப்புடுவாங்க. யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் தெரியும், தேதி வரலைன்னு.

அவரு மாடி, நான் கீழ. மாசத்துல ஒரு நாள் பேசிக்குவோம். விசா புல்லட்டின் வர்ற நாள். எந்தத் தேதி வரைக்கும் மனு போட்டவங்களுக்கு இப்ப கார்டுன்னு கவர்மெண்டு மாசாமாசம் போடற லிஸ்ட்டு அது. அவரு மாடிப்படியில நின்னுக்கிட்டே சொல்லுவாரு, மூணு வாரம் முன்னால வந்திருக்குன்னு. நான் சரிங்கம்பேன். ஊர்ல ராசிபலன் பாக்கற மாதிரி அதைப் பாத்தோம். ராசிபலன்லயாவது நல்ல வாரம்னு ஒண்ணு வரும்.

ஒரு தடவ வந்துச்சுங்க. இல்லைன்னு சொல்லக்கூடாது. ஒரு டிசம்பர்ல எங்க தேதிக்குக் கதவு தொறந்துச்சு. அந்த மாசத்துக்குள்ள அப்ளிகேஷன் போய்ச் சேரணும். போட்டோ எடுத்தாச்சு, ஊசி போட்டாச்சு, டாக்டர் சீல் வெச்ச கவர் குடுத்தாச்சு. எல்லாம் ரெடி ஆனப்ப மார்கழி பொறந்திருச்சு. எங்க மாமியார் சாந்தாமணி, ஈரோட்டுல இருந்து வாட்ஸ்அப்ல ஒரே வார்த்தை. மார்கழியில நல்ல காரியம் ஆகாது, தை ஒண்ணாந்தேதி அனுப்புங்க. இவரு அம்மா பேச்சைத் தட்டுனதில்ல. நானும் வாயத் தொறக்கல, அதையும் சொல்லிப்போடறேன். நல்ல காரியம்தானே, நல்ல மாசத்துல போகட்டும்னு எனக்கும் தோணுச்சு. கவரைச் சாமி படத்துக்கு முன்னால வெச்சோம். ஜனவரி புல்லட்டின்ல கதவச் சாத்திட்டாங்க. தை பொறந்துச்சு, வழி பொறக்கல. ஃபெடரல் கவர்மெண்டுக்கு மார்கழி தெரியாதுங்க தம்பி. அந்த டிசம்பர்ல போட்டவங்க எல்லாம் இன்னிக்குக் கார்டு வாங்கி, சிட்டிசன்ஷிப்புக்குக் கேள்வி பதில் மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்காங்க.

எனக்கு அந்தக் கேள்வி பதில் எல்லாம் அவங்களை விட நல்லாத் தெரியும். ஓவியாவால. எட்டாவதுல இவங்களுக்குக் கான்ஸ்டிட்யூஷன் ஒரு பாடம். சாப்புடறப்ப எல்லாம் அதே பேச்சு. நான் தமிழ்ல கேப்பேன், அவ இங்கிலீஷ்ல பதில் சொல்லுவா. எங்க வீட்டு வழக்கம் அது. பிலடெல்ஃபியாவுல பெரிய மனுசங்க எல்லாம் ஒரு வெயில் காலம் பூரா ஒரு ரூமுல உக்காந்து எழுதுனாங்களாமே. வெளிய யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு ஜன்னலக்கூடச் சாத்திட்டாங்களாம். அந்த வேக்காட்டுலயும் என்ன கவனமாப் பிரிச்சிருக்காங்க பாருங்க. காசு அடிக்கறது, சண்டைக்குப் போறது, வெளியூர்க்காரன் எப்புடி உள்ளூர்க்காரன் ஆகறதுன்னு முடிவு பண்றது, இதெல்லாம் நாட்டுக்கு. இதுல எழுதாம விட்டது எல்லாம் ஸ்டேட்டுக்கும் சனங்களுக்கும். பத்தாவது அமெண்ட்மெண்ட். கல்யாணம்ங்கற வார்த்தையே அந்த ஒரிஜினல்ல இல்லீங்க. ஓவியா கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தா. மனைவின்னு இல்ல, அம்மான்னு இல்ல. சந்ததின்னு மட்டும் ஒண்ணு மொத வரியிலயே இருக்குது. நமக்கும் நம்ம சந்ததிக்கும்னு.

எழுதலைல்ல, அதனால கல்யாணம், டைவர்ஸ், புள்ள யாருக்கு, எல்லாம் ஸ்டேட்டுக்குப் போயிருச்சு. அதனாலதான் நான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்கறேன். விசா நாட்டுக்குப் போயிருச்சு. அதனாலதான் இங்க உக்காந்திருக்கறதுல பிரயோஜனமில்ல.

புரியலைங்களா? சொல்றேன். டெக்சஸ் ஜட்ஜு கையெழுத்துப் போட்டா கல்யாணம் முடிஞ்சுது. கல்யாணம் முடிஞ்சா வாஷிங்டன் கணக்குல நான் யாரோட சம்சாரமும் இல்ல, எச்4-உம் இல்ல, வேலை பாக்கற பர்மிட்டும் இல்ல, கெளம்பணும். சரி சாமி, கெளம்பறேன், என்ற புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேன்னா, டெக்சஸ் சொல்லுது, புள்ளைய நீயே வெச்சுக்கம்மா, நல்ல அம்மாதான் நீ, ஆனா இந்தக் கவுண்டியிலயும் இதை ஒட்டியிருக்கற கவுண்டியிலயும்தான் குடி வெக்கணும். கவுண்டின்னா நம்மூரு ஜில்லா மாதிரி. ஈரோடு இந்தக் கவுண்டியை ஒட்டி இல்லீங்க. மேப்புல பாத்துட்டேன்.

ஒரு கவர்மெண்டு புள்ளையோட இங்கயே இருங்குது. இன்னொரு கவர்மெண்டு எந்திரிச்சுப் போங்குது. ரெண்டும் எங்கிட்டத்தான் பேசுது, ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதில்ல. அந்தக் கதவுக்கு ரெண்டு பக்கமும் கொடி நிக்குது பாருங்க, ஒண்ணு டெக்சஸ், ஒண்ணு நாட்டுது. பக்கத்துப் பக்கத்துலதான் நிக்குது. எங்க வீட்ட மாதிரி.

வக்கீல் இல்லாமலா? ரெண்டு வக்கீல் இருக்காங்க. டைவர்ஸ் பாக்கற அம்மா ஒருத்தங்க, இப்ப பக்கத்துக் கோர்ட்டுல வேற கேசுல நிக்கறாங்க, வந்துருவாங்க. இமிக்ரேஷன் பாக்கறவரு ஹில்க்ராஃப்ட் தெருவுல, ஒரு மளிகைக் கடைக்கு மேல. அவரு ரூமுக்குப் போனா ஃபைலெல்லாம் பெருங்காய வாசம் அடிக்கும். இந்தம்மாகிட்ட, ஏனுங்க, டைவர்ஸ் ஆனா என்னைய அனுப்பிருவாங்களேன்னு கேட்டா, அது ஃபெடரல், நான் பாக்கறதில்லம்பாங்க. அவருகிட்ட, புள்ளைய எப்புடிங்க கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டா, அது ஸ்டேட், எனக்குத் தெரியாதும்மாம்பாரு. ரெண்டு பேரையும் ஒரே போன் கால்ல கொண்டாந்துரலாம்னு மெனக்கெட்டேன். ஒருத்தருக்கொருத்தர் குட் மார்னிங் சொல்லிக்கிட்டாங்க. அதுக்கு மேல ஒண்ணும் நடக்கல.

தப்பிக்க வழி பாக்காம இல்லீங்க. எனக்குன்னு தனியா ஒரு விசா கெடைக்குமான்னு எல்லாக் கதவையும் தட்டிப் பாத்துட்டேன். நான் பல் டாக்டர் ஆபீஸ்ல ஃப்ரண்ட் டெஸ்க்குல இருக்கறேன். அந்த வேலைக்கெல்லாம் எச்1 தர மாட்டாங்க. மறுக்காப் படிக்கலாம்னா, புள்ள காலேஜுக்குப் போற வயசுல நான் காலேஜுக்குப் போகணும், அதுக்கு ஃபீஸ் யாரு கட்டறது. விசிட்டர் விசாவுல கொஞ்ச நாள் தள்ளலாம். தள்ளிப்போட்டு? விசிட்டரா இருந்துக்கிட்டு பெத்த புள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டறதா? அப்புடியும் ஒரு நா நான் கெளம்பித்தானே ஆகணும்.

இல்லீங்க, அவரு என்னையத் தொரத்தல. அதையும் சொல்லிப்போடறேன், பாவம். போன வருசம் தேதி எங்ககிட்ட ரொம்பப் பக்கத்துல வந்துச்சு. அடுத்த புல்லட்டின்ல ரெண்டு வருசம் பின்னால போயிருச்சு. அன்னிக்கு அவரு படியில நின்னு சொல்லல. கீழ எறங்கி சமையக்கட்டுக்கு வந்தாரு. நாகு, இனி என்னால ஆகாதுன்னாரு. நாகுன்னு கூப்பிட்டு எத்தனையோ வருசம் ஆச்சுங்க. உனக்குக் கஷ்டம்னா இன்னும் கொஞ்ச நாள் தள்ளி ஃபைல் பண்றேன்னாரு. நான்தான் வேண்டாம், பண்ணுங்கன்னேன். எனக்கும் சலிச்சுப் போச்சு. புள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரலாம்னு மனசுல ஒரு கணக்கு. அப்ப எனக்கு இந்த ஒட்டியிருக்கற கவுண்டி சமாச்சாரம் தெரியாது. அவருக்கும் புள்ள வேணும். கேக்கத்தானே செய்வாரு. அப்பன். எங்களுக்குள்ள வழக்கு அந்த ஒண்ணுலதான். மத்ததெல்லாம் சமையக்கட்டுலயே பேசி முடிச்சுட்டோம்.

அதுக்கு முன்னால ஒண்ணு நடந்துச்சு. ஓவியாவுக்கு ஸ்கூல்ல ஃபெடரலிசம் பத்தி ஒரு ப்ராஜெக்ட். பெரிய அட்டையில ரெண்டு வட்டம் போட்டு, நாட்டோட அதிகாரம் ஒரு பக்கம், ஸ்டேட்டோட அதிகாரம் ஒரு பக்கம், நடுவுல ரெண்டும் ஒட்டற எடத்துல ரெண்டு பேருக்கும் பொதுவானதுன்னு எழுதணும். சொந்தமா ஒரு உதாரணமும் குடுக்கணும். இவ என்ன பண்ணுனா, எங்க வீட்ட வரைஞ்சுட்டா. மாடி ஒரு வட்டம், கீழ ஒரு வட்டம். அப்பாவோட அதிகாரம், வைஃபை, டாக்ஸ், புல்லு வெட்டறது. அம்மாவோட அதிகாரம், சாப்பாடு, கோயிலு, தமிழ்ப் பள்ளி. சுப்ரீம் கோர்ட்டுன்னு போட்டு ஈரோட்டு ஆத்தான்னு எழுதியிருந்தா, எங்க மாமியாரைத்தான். ஆயுசுக்கும் பதவி, அப்பீல் கெடையாதுன்னு. நான் வாய் விட்டுச் சிரிச்சேன். மாடியில அவரும் சிரிச்சாரு, கேட்டுச்சு.

நடுவுல பொதுவானதுங்கற எடத்துல கிச்சன்னு எழுதி, கராஜ்னு எழுதி, அதுக்குக் கீழ நான்னு எழுதியிருந்தா.

டீச்சர் முழு மார்க் குடுத்துட்டாங்க. இவ்வளவு அழகா எப்புடித் தோணுச்சுன்னு கேட்டாங்களாம். தோணவெல்லாம் இல்ல, எங்க வீடு அப்புடித்தான் இருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டா. அந்த அட்டை இன்னும் ஸ்கூல் சுவத்துலதான் தொங்குது. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போனப்ப நானும் அவரும் அதுக்கு முன்னால நின்னு, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கிட்டு வந்தோம்.

அந்தப் பத்தாவது அமெண்ட்மெண்ட் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுங்க. எழுதாம விட்டதெல்லாம் யாருக்கோ போகுது பாருங்க. எங்க வீட்டுல நானும் அவரும் பேசிப் பிரிச்சது கொஞ்சந்தான். ராத்திரி காய்ச்சல் வந்தா யாருன்னு எழுதல. வயசுக்கு வந்தப்ப யாருன்னு எழுதல. சிநேகிதி ஒருத்தி பொறந்தநாளுக்குக் கூப்பிடாம விட்டுட்டா, போர்வைக்குள்ள அழற புள்ளைகிட்டப் போய்ப் படுத்துக்கறது யாருன்னு யாரு எழுதுவாங்க. எழுதாம விட்டது அத்தனையும் எங்கிட்ட வந்திருச்சு. சந்தோசமாத்தான் வாங்கி வெச்சுக்கிட்டேன். இப்ப அதை யாருக்கு எழுதி வெச்சுட்டுப் போறதுன்னுதான் தெரியல.

தண்ணியாங்க? வேண்டாம், அவரு கொண்டாந்து குடுத்துட்டாரு, இதோ இருக்குது. சிப்ஸும் வாங்கியிருக்காரு. உப்பு ஜாஸ்தின்னு எனக்கு ஆகாதுன்னு தெரியும், இருந்தும் வாங்கிட்டு வந்திருக்காரு. அவரும் பதட்டமாத்தான் இருக்காரு.

எங்க வக்கீலம்மா என்ன திட்டம் வெச்சிருக்காங்கன்னா, புள்ளைய எனக்கே குடுக்கச் சொல்லிக் கேக்கணும், அந்தக் கவுண்டி எல்லையை எடுத்துரச் சொல்லணும், இந்தியா கூட்டிட்டுப் போறதுக்கு பர்மிஷன் வாங்கணும். அவரோட வக்கீலு, இந்தியா போனா புள்ள திரும்ப வராது, பாஸ்போர்ட்டக் கோர்ட்டுல வாங்கி வெச்சுக்கங்கம்பாரு. ஜட்ஜம்மா ரெண்டையும் கேட்டுட்டு, புள்ளை மனசுல என்ன இருக்குதுன்னு பாப்பாங்க. புள்ள அம்மான்னு சொன்னா நமக்கு ஒரு வழி இருக்குது, வாய்ப்பு இருக்குதுன்னு வக்கீலம்மா சொன்னாங்க.

அம்மான்னுதான் சொல்லியிருப்பா. எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு கண்ணுன்னுதான் சொன்னேன். காலையில வர்றப்ப கார்ல என் கையப் புடிச்சுக்கிட்டே வந்தா. எறங்கறப்பத்தான் விட்டா.

போன ஞாயித்துக்கெழமை வீட்டு வாசல்ல உக்காந்து கிளாரினெட்டத் தொடைச்சுக்கிட்டிருந்தா. ஸ்கூல் பேண்டுல வாசிக்கறா, மூணு வருசமா. ஹைஸ்கூல் பேண்டுலயும் எடுத்துட்டாங்க, வர்ற சீசன்ல இருந்து ஃபுட்பால் கிரவுண்டுல அணிவகுத்து நடந்துக்கிட்டே வாசிக்கணும். இந்த ஊர்ல அது பெரிய விசயம், உங்களுக்குத் தெரியுமே. நான் பக்கத்துல உக்காந்து ஈரோட்டுல எந்த ஸ்கூலு நல்லாருக்கும்னு போன்ல பாத்துக்கிட்டிருந்தேன். ஸ்விம்மிங் பூல் இருக்குது பாரு, இன்டர்நேஷனல் ஸ்கூலாமான்னு காமிச்சேன். எட்டிப் பாத்தா. நல்லாத்தான் இருக்குதுன்னா. தொடைச்சு முடிச்சுப் பொட்டியில வெச்சு மூடுனா. மூடிட்டுக் கேட்டா. அம்மா, அங்க வந்தா நான்தான் உன்னோட எச்4-ஆன்னு.

இங்கிலீஷ்லதான் கேட்டா. கிண்டலுக்குக் கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. சந்தேகம் கேக்கற மாதிரி.

பதினெட்டு வருசம் இருந்திருக்கறனுங்க தம்பி. நியூ ஜெர்சியில ஆரம்பிச்சு, ஸ்டேட் டாக்ஸ் இல்லைன்னு டெக்சஸ் வந்து, இன்னிக்கு வரைக்கும். மொத ஏழெட்டு வருசம் வேலை பாக்கக்கூடாது. பேங்க் அக்கவுண்ட்டுல ரெண்டாவது பேரு. எந்த ஃபாரத்த எடுத்தாலும் டிபெண்டென்ட். அவரு வேலை போச்சுன்னா எனக்கு நாடு போச்சு. அவரு ஒரு நா கூட அதைச் சொல்லிக் காமிச்சதில்ல. ஆனாலும் அவரு ஆபீஸ்ல இருந்து சீக்கிரம் வந்துட்டா, வேலை போச்சோன்னு மொகத்தைத்தான் மொதல்ல பாப்பேன். ஒருத்தரோட வாழ்க்கைக்கு வால் மாதிரி இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். என் புள்ள சிட்டிசன். இந்த மண்ணுல பொறந்தது. அதுக்கு யாரு தயவும் வேண்டாம், எந்தத் தேதியும் பாக்க வேண்டாம். அதைக் கொண்டு போயி எனக்கு வாலாக் கட்டறதா?

அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. அழுதேன், சும்மா சொல்லக்கூடாது, தலவாணி நனையற வரைக்கும் அழுதேன். காலையில எந்திரிச்சு, ஹில்க்ராஃப்ட் வக்கீலுக்கு போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவரு சந்தோசமாப் பதில் சொன்னாரு, ஃபெடரல் கேள்விங்கறதால. புள்ளைக்கு இருபத்தியோரு வயசு ஆனா, பெத்தவளுக்கு அவளே கிரீன் கார்டு கேக்கலாமாம். அதுக்குக் க்யூவே இல்லியாம். புல்லட்டின் பாக்க வேண்டாமாம். ஒழுங்காக் கெளம்பிப் போனவளா மட்டும் இருந்தாப் போதும், ஒரு கறையும் இல்லாமன்னாரு. அவரு தேதிக்காகப் பத்து வருசத்துக்கு மேல நின்னேன். புள்ளைக்காக எட்டு வருசம் நிக்க மாட்டனுங்களா. நின்னு பழகுனவதானே.

கதவு தொறக்குது. புள்ள வந்துருச்சு. அழுதிருக்குது. ஒண்ணுமில்லடா கண்ணு, போயி அப்பாகிட்ட உக்காரு, சிப்ஸ் இருக்குது. போ சாமி. அம்மா உள்ள போயிட்டு வந்தர்றேன்.

வக்கீலம்மா அதோ உள்ள போறாங்க, நம்மளக் கூப்பிடறாங்க. எந்திரிங்க தம்பி. சீக்கிரமா ஒண்ணச் சொல்லிப்போடறேன், இவளுக்கு எதுக்கு இன்டர்பிரிட்டர்னு நீங்க அப்பவே யோசிச்சுக்கிட்டிருந்தீங்க. எனக்கு இங்கிலீஷ் நல்லா வருமுங்க. நாள் பூரா இன்சூரன்ஸ் கம்பெனிக்காரனோட போன்ல சண்டை போடறதுதான் என் வேலை. ஒருத்தனும் எங்கிட்ட ஜெயிச்சதில்ல. ஜட்ஜம்மா கேட்டா எல்லாத்தையும் நானே சொல்லலாம். ஒண்ணே ஒண்ணைத்தான் சொல்ல முடியாது. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். வரல. தமிழ்ல வருது, முக்கியும் மொணகியுமாவது வருது. இங்கிலீஷ்ல வாயே தொறக்க மாட்டேங்குது. அது என் புள்ளை பேசற பாஷை.

கோர்ட் ரெக்கார்டுல நான் பேசற தமிழு ஏறாதாமே, நீங்க சொல்ற இங்கிலீஷ் மட்டும்தான் ஏறுமாம். ஏஜென்சி அம்மா சொன்னாங்க. அதைக் கேட்டப்பறம்தான் இன்டர்பிரிட்டர் வேணும்னு எழுதிக் குடுத்தேன். என்னைக்காவது ஓவியா வளந்து, இந்தப் பேப்பரத் தேடி எடுத்துப் படிச்சா, அதுல இருக்கப் போறது உங்க வாய் வார்த்தை. நான் சொன்னத நான் அவகிட்ட நேர்லயே சொல்லிக்கறேன், தமிழ்ல. அவளுக்குப் புரியும்.

ஜட்ஜம்மா கேட்டதும் நான் சொல்லப் போறது சின்ன வாக்கியந்தான். என் புள்ள அவங்க அப்பாவோடவே இருக்கட்டும்னு. வக்கீலம்மாவுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். அவங்க சொல்றாங்கன்னு சொல்லக்கூடாது, நான்னுதான் சொல்லணும், உங்க ரூலு அது. கொஞ்சம் நடுங்காமச் சொல்லுங்க தம்பி. வாங்க, போலாம்.